ஒரு சாண் உயரத்தில் இருபத்து மூன்று

இருபத்து மூன்றாம் எண் பேருந்து முதன்முறையாகத் தரையை விட்டு எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு. ஒரு சாண் உயரம். தபால் அலுவலக நிறுத்தத்தில் எழும்பிய வண்டி அதே உயரத்தில் கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றுப்பாலத்தைக் கடந்து, கிழக்குக் கரையின் முதல் நிறுத்தத்தில் ஒருவர் இறங்கியதும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. அன்று உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்த சிலரும், போக்குவரத்துக் கழகம் ஒருவழியாக வண்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டுவிட்டது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டார்கள். அன்றைய தேதியில் இருபத்து மூன்றைப் பற்றி ஒரே ஒரு புகார்தான் பதிவாகியிருக்கிறது: ஏழு நிமிடம் தாமதம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் பல்செட் அக்கா. கிழக்குக் கரையில் ஒரு மூன்றாவது மாடி அறையில் பிளாஸ்டர் அச்சுகளுக்கும் மெழுகுக் கட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து செயற்கைப் பல்வரிசை செய்வது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் கைவேலை. பத்தொன்பது வருடமாக அதே வண்டியில், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறவள் என்பதால், அந்தத் தடத்தின் மேடு பள்ளமெல்லாம் அவள் முழங்காலுக்கு மனப்பாடம். ரொட்டிக்கடைக்கு எதிரே ஒரு பள்ளம், வங்கி வாசலில் வேகத்தடை, மருந்துக்கடை முனையில் கொஞ்சம் தூக்கலாக ஒரு சாக்கடை மூடி. அந்தச் செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடை வந்தபோது முழங்கால் வழக்கம்போல மடங்கிக்கொடுத்தது, பள்ளம் வரவில்லை. வங்கி வாசலில் மறுபடி மடங்கிக்கொடுத்தது, வேகத்தடையும் வரவில்லை. ஏமாந்துபோன முழங்காலோடு குனிந்து, யார் யாருடைய கைக்கு இடையிலோ தலையை நுழைத்து, படிக்கட்டு வழியாகப் பார்த்தாள். சாலையில் கிடந்த காகிதப் பை ஒன்று சக்கரத்துக்கு அடியில் புகுந்து, நசுங்காமல் மறுபக்கம் வந்தது.

"வண்டி தரையில இல்லையே," என்றாள் நடத்துநரிடம்.

"தெரியும், தெரியும்," என்றார் அவர். "உள்ள போங்க, உள்ள போங்க."

எதையும் இரண்டு முறை சொல்வதால் அவருக்கு ரெண்டுவாட்டி என்று பெயர். ஓட்டுநர் இதற்கு நேர்மாறு. வாயே திறக்க மாட்டார். சிவப்பு விளக்குக்கு ஒரு பெருமூச்சு, குறுக்கே வரும் சைக்கிளுக்கு ஒரு பெருமூச்சு, மழைக்கு நீளமாக ஒன்று. அவர் பெயர் பெருமூச்சு. இவர்கள் இருவரையும் அக்கா தன் கூடப்பிறந்தவர்களைவிட அதிக நேரம் பார்த்திருக்கிறாள்; கூடப்பிறந்தவர்களிடம் போட்டதைவிடக் குறைவாகவே சண்டை போட்டிருக்கிறாள். வண்டியில் மற்றவர்களும் அப்படித்தான். நின்றுகொண்டே தூங்கி, தன் நிறுத்தத்துக்குச் சரியாக இருபது அடி முன்னால் கண் விழிக்கிற கிடங்கு மேலாளர். முன்னால் நிற்பவரின் முதுகில் விடைத்தாளை வைத்துத் திருத்துகிற கணக்கு வாத்தியார். முதுகு அசைந்தால், "ஆடாதீங்க சார், பாவம் அவனுக்கு ரெண்டு மார்க் போயிடும்" என்பார். யார் பையானாலும் வாங்கித் தன் மடியில் அடுக்கிக்கொண்டு, இறங்கும்போது ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கிற தையற்காரி. ஒரு முறை பை மாறி, கணக்கு வாத்தியார் வீட்டுக்கு மூன்று ரவிக்கை போய்விட்டது. அடுத்த நாள் வண்டியே அதைப் பேசிச் சிரித்ததில் பாலம் எப்போது கடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதைகளையெல்லாம் சாயங்காலம் வீட்டில் சொன்னால் அவள் புருஷனுக்குப் பிடிக்காது. அவர் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர்; குளிர்பெட்டியைப் போலவே ஆகிருதி. கதவில் பக்கவாட்டில்தான் நுழைவார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஒரு கார் வைத்திருந்தார். அதற்கு அடியில் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டினால் ஒரு குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் முடித்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் பேருந்தில் ஏறியதில்லை.

"அது ஒரு வண்டியா? புளிமூட்டை மாதிரி அடைஞ்சுக்கிட்டு. மனுஷன் ஏறுவானா அதுல?" என்பார்.

"பஸ்ஸுல போனா பத்துப் பேர் முகத்தைப் பார்க்கலாம். உங்க கார்ல போனா காரோட பின்பக்கம்தான் தெரியுது," என்பாள் அக்கா. "தள்ளிட்டே வர்றதால."

வண்டி எழும்பியதைச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு, "டயருக்குக் காத்து அதிகமா அடிச்சிருப்பாங்க," என்று முடிவு சொன்னார்.

அந்த வாரம் நான்கு நாள் எழும்பியது. அடுத்த வாரம் மூன்று நாள். எழும்பாத நாளிலும் கூட்டம் குறைவில்லை என்பதால் காரணம் கூட்டமல்ல என்பது அக்காவுக்கு விளங்கியது. மூன்றாவது வாரம் கூர்ந்து பார்த்தாள். தபால் அலுவலக நிறுத்தத்தில் வண்டி பிதுங்கி நிற்கும். இனி ஓர் எறும்புக்கும் இடமில்லை என்ற நிலை. அப்போது தூரத்தில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். ரெண்டுவாட்டி, "மூச்ச உள்ள இழுங்க, மூச்ச உள்ள இழுங்க! ஒரு ஆளு, ஒரே ஆளு!" என்று கத்துவார். நூறு வயிறுகள் ஒன்றாக உள்ளே போகும். அந்த ஒரு ஆள் படியில் காலை வைப்பார், வண்டி எழும்பும். ஓடி வருகிறவர் யாரும் இல்லாத நாளில், எவ்வளவு நெரிசலானாலும், அது மற்ற வண்டிகளைப் போலத் தரையோடு தரையாகத்தான் போயிற்று.

போக்குவரத்துக் கழகம் தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது. ஓர் அதிகாரி அளவுகோலைச் சக்கரத்துக்கு அடியில் நீட்டிப் பதினேழு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டார். அக்கா காரணத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆய்வில் உள்ளது' என்று எழுதினார். பணிமனையில் ஏழு டன் மணல்மூட்டையை ஏற்றிப் பார்த்தார்கள். உண்மையாகவே ஸ்பிரிங் உடைந்தது. பிறகு தலைமை அலுவலக ஊழியர்களையே நூற்றுப் பத்துப் பேரை ஏற்றினார்கள். பதவி வாரியாக உட்காருவதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு தட்டச்சுக்காரி, சோதனைக்காகவே அனுப்பப்பட்டவள், கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நூற்றுப் பத்துப் பேரும் ஒரே குரலில், "அடுத்த வண்டியில வாங்கம்மா," என்றார்கள். வண்டி அசையவில்லை. அறிக்கை இரண்டே வரி: வண்டி நல்ல நிலையில் உள்ளது, எழும்புதல் பயணிகள் தரப்புப் பிரச்சினை.

பயணிகள் தரப்புப் பிரச்சினையைத் தீர்க்க அதே தடத்தில் மேலும் இரண்டு வண்டிகள் விடப்பட்டன. எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி அந்தத் தடத்துக்காரர்கள் இன்றும் பேசுவதில்லை. கிடங்கு மேலாளருக்கு உட்கார்ந்தால் தூக்கம் வரவில்லை. வந்த நாளில் விழிப்பு வரவில்லை. வாத்தியாருக்கு முதுகு கிடைக்காமல் விடைத்தாள் தேங்கிப்போயிற்று. ஒரே கம்பியைப் பிடித்து நான்கு மாதமாகப் பேசாமலே காதலித்துவந்த இருவர், தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து தனித்தனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். தையற்காரியின் மடி காலியாக இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, அறுபத்தெட்டுப் பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள்: 'எங்கள் வண்டியில் போதிய நெரிசல் இல்லை. ஆவன செய்யவும்.' இப்படி ஒரு மனு கழகத்தின் சரித்திரத்தில் வந்ததில்லை. எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் அது மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தபோதுதான் மழைக்காலம் வந்து பாலம் விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை நண்பகல், பாலத்தில் ஆளே இல்லாத நேரம் பார்த்து, நடுப்பகுதி நாற்பது மீட்டரும், களைத்தவன் கட்டிலில் சாய்வதைப்போல மெதுவாக ஆற்றில் சாய்ந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஆனால் ஊர் இரண்டாகிவிட்டது. அடுத்த பாலத்துக்குப் போய்ச் சுற்றி வந்தால் மூன்று மணி நேரம். ஆறு கரை புரண்டு ஓடியதால் படகோட்டிகள் கைவிரித்துவிட்டார்கள். மேற்குக் கரையில் மருத்துவர்கள், கிழக்குக் கரையில் மருத்துவமனை. மேற்கில் வாத்தியார்கள், கிழக்கில் பள்ளிக்கூடம். ஒன்பது நாள் அப்படியே கழிந்தது. கூடுதல் வண்டிகள் இரண்டும் அக்கரையில் மாட்டிக்கொண்டதால், பத்தாம் நாள் காலை மேற்குக் கரையிலிருந்து கிழக்கே வேலைக்குப் போக வேண்டியவர்களெல்லாம், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் இருபத்து மூன்றில் ஏறினார்கள். பெருமூச்சு பாலத்தின் முனைவரை ஓட்டிவந்து, தடுப்புக் கட்டைக்கு முன் நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நேரத்தில் செவிலிப் பெண் ஒருத்தி குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ரெண்டுவாட்டி கத்தினார். நூறு வயிறுகள் உள்ளே போயின. வண்டி எழும்பியது, ஒரு சாண் அல்ல, மூன்று சாண். தடுப்புக் கட்டையைத் தாண்டி, இடிந்த முனையைத் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தின் மேல் அதே வேகத்தில் போய்க் கிழக்கு முனையில் ஏறிக்கொண்டது. கீழே ஆறு சுழித்து ஓடிக்கொண்டிருந்ததாம். உள்ளே இருந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க இடமில்லை.

கழகம் அன்றே ஓர் ஆணை பிறப்பித்தது. காலியான வண்டிகள் பாலத்தைக் கடக்கத் தடை. நிரம்பி வழியும் வண்டிக்கு மட்டும் அனுமதி. பாலமுனையில் ஒரு காவலாளியை நியமித்து, கையில் ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் சட்டம் தடையில்லாமல் போய்வந்தால்தான் அவர் பச்சைக்கொடி காட்டுவார். வேலைநாட்களில் இதனால் ஒரு சிரமமும் இல்லை. ஓடி வருகிறவர்களுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். மதியம் ஒரே ஒரு நடை. பாதி ஞாயிறுகளில் ஆள் சேராமல் பாலமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, ஒரு முழுப் பல்வரிசையோடு அக்கா பாலமுனையில் நின்றாள்.

பல்வரிசை கிழக்குக் கரையில் இருக்கும் நாடகக்காரியினுடையது. அந்த அம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பது வருடம் ஊருக்கே குரலாக இருந்தவள். மேடையில் அவள் கிசுகிசுத்தால் கடைசி வரிசைக்காரன் திரும்பித் தன் காதுக்குப் பக்கத்தில் யார் என்று பார்ப்பான். பற்கள் விழுந்ததும் மூன்று இடத்தில் செட் கட்டிப் பார்த்தாள், மூன்றும் சரியில்லை. 'ச' சொன்னால் விசில் வந்தது. ஒரு நாள் மேடையில் அவள் "சத்தியம்" என்று சொல்ல, வெளியே நின்ற நாய் ஒன்று உள்ளே ஓடி வந்து வாலை ஆட்டியது. சபை சிரித்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினாள். பதினோரு வருடம் கடையில்கூட விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கினாள். பல்செட் அக்காவிடம் அவள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு முறை மெழுகில் வைத்துப் பார்த்து, பதினான்கு முறை மாற்றியாயிற்று. பழைய குழுவினர் நம்பிக்கையோடு நாளும் குறித்துவிட்டார்கள்: ஞாயிறு, மாலை ஐந்து மணி, கிழக்குக் கரை அரங்கம். சனிக்கிழமை கடைசியாக மாட்டிப் பார்த்தபோது எல்லா எழுத்தும் சுத்தமாக வந்தது. 'ச' மட்டும், மிக மெலிதாக, எலிக்குஞ்சு கத்துவதைப்போல.

நாடகக்காரி பல்வரிசையைக் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். "விட்டுடும்மா," என்றாள், காற்றும் எச்சிலுமாக. "நாளைக்கு நான் சும்மா மேடையில உட்கார்ந்துட்டு வந்துடறேன். எல்லாரும் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க, பார்த்துக்கட்டும்."

அக்கா பல்வரிசையை வீட்டுக்கு எடுத்துவந்தாள். ஞாயிறு காலையிலிருந்து சமையலறை மேசையில் விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மேல்வரிசை முன்பற்களின் பின்புறத்தைச் சின்ன அரத்தால் தடவினாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தடவினாள். இரண்டரை மணிக்கு, முடியிழை அளவு பொருள் குறைந்த இடத்தில், விரல் 'போதும்' என்றது. ஈரப்பஞ்சில் பொதிந்து டப்பாவில் வைத்து மூடினாள். "நான் கொண்டு விடறேன்," என்று புருஷன் காரை எடுத்தார். அன்றைக்குக் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. பெருமை தாங்காமல் வழியெல்லாம் ஒலிப்பானை அடித்துக்கொண்டு வந்து பாலமுனையில் இறக்கினார்.

இருபத்து மூன்றில் பதினோரு பேர் இருந்தார்கள்.

"இன்னிக்குப் போகாது, போகாது," என்றார் ரெண்டுவாட்டி. பெருமூச்சு ஒன்று விட்டார். காவலாளி மரச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். காரில் சுற்றிப் போனால் ஆறரை ஆகும். அக்கா டப்பாவைக் காவலாளியின் மடியில் வைத்து, "பத்திரம், பல்லு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பாலமுனையை ஒட்டிய சதுக்கத்தைப் பார்த்து நடந்தாள்.

முதலில் முடிதிருத்தும் கடை. நாற்காலியில் ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். "யாரோட பல்லு?" என்றார் நுரைக்காரர். சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். "அந்த அம்மா பேசுவாங்களா? எங்க அம்மா வயித்துல நான் இருக்கறப்பவே அவங்க நாடகம் கேட்டிருக்கேன்!" துண்டோடு கிளம்பிவிட்டார். மீதிப் பாதியை முடிக்க வேண்டுமே என்று கடைக்காரர் கத்தியோடு பின்னால் வந்தார். மைதானத்தில் இரண்டு கால்பந்து அணிகள் சமநிலையில் மோதிக்கொண்டிருந்தன. நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, இருபத்திரண்டு பேரையும் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். நூலகத்திலிருந்து படிப்பவர்கள் புத்தகப் பக்கத்தில் விரலை வைத்தபடி வந்தார்கள். சதுரங்கம் ஆடிய இரண்டு பேர், காய் கலையாமல் பலகையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வீடு மாறுவதற்காக நடைபாதையில் சாமானோடு உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று, அலமாரியை விட்டுவிட மனமில்லாமல் அதையும் ஏற்றியது. தையற்காரி எங்கிருந்தோ வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து எல்லோர் பையையும் வாங்க ஆரம்பித்தாள். நாலேகாலுக்கு வண்டி பிதுங்கியது. அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு தன் இரண்டாவது கம்பிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வண்டி எழும்பவில்லை.

"ஒரு ஆளு வேணும், ஒரே ஒரு ஆளு வேணும்," என்றார் ரெண்டுவாட்டி. எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சதுக்கத்தில் ஒரு நிழல்கூட இல்லை. இருந்தவர்கள் அத்தனை பேரையும் அவர்களே உள்ளே ஏற்றியாயிற்று. காவலாளி ஏறலாம் என்றால் சட்டம் பிடிக்க ஆள் இல்லை. மீதி இருந்தது அக்காவின் புருஷன் மட்டும். காரில் சாய்ந்துகொண்டு, கைக்குட்டையால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா யார் தோளுக்கு மேலோ தலையை நீட்டினாள். "என்னங்க, ஏறுங்க."

"நான் எதுக்கு? வண்டியப் பார்த்துக்கணும்."

"அத யாருங்க எடுத்துட்டுப் போகப் போறாங்க? அதுவே போகாது. வாங்க."

அவர் வரவில்லை. கைக்குட்டையை மடித்தார், விரித்தார். அக்காவுக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாதத்தில் ஒரே ஒரு முறை, விளக்கை அணைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னது அது. இளைஞராக இருந்தபோது ஒரு நாள் நிரம்பிய பேருந்தில் காலை வைத்திருக்கிறார். உள்ளே இருந்து யாரோ, "ஐயையோ, ரெண்டு ஆள் இடம் போச்சு," என்றிருக்கிறார்கள். வண்டியே சிரித்திருக்கிறது. அவரும் சிரித்துவிட்டு இறங்கி, பதினோரு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் கார் வாங்கினார். புளிமூட்டை அது இது என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்ட பேச்சு.

"இடம் எங்க இருக்கு?" என்றார் இப்போது, தாழ்ந்த குரலில். "நான் ஏறினா யாராவது ரெண்டு பேர் இறங்கணும்."

"இடம் இல்லீங்க," என்றாள் அக்கா. "நாங்க பண்றோம்."

ரெண்டுவாட்டிக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடமாகப் படியில் நிற்கிறவர் என்பதால், ஏறத் தயங்குகிற ஒரு காலைப் பார்த்தால் அவருக்குப் புரியும். உள்ளே திரும்பினார். அன்றைக்கு மட்டும், ஒரே ஒரு முறைதான் சொன்னார். "எல்லாரும் மூச்ச உள்ள இழுங்க. நம்ம ஆளு ஒருத்தர் ஏறணும்."

இழுத்தார்கள். இரண்டு கால்பந்து அணிகளும் இழுத்தன. நுரைக்காரர் இழுத்ததில் நுரை உள்ளே போய்த் தும்மல் வந்து அதையும் அடக்கினார். சதுரங்கக்காரர்கள் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். பெருமூச்சு, பிறந்ததிலிருந்து மூச்சை வெளியே விட்டே பழகியவர், முதன்முறையாக ஆழமாக உள்ளே இழுத்தார். படிக்கட்டில் ஓர் இடம் திறந்தது. பெரிய இடம். ஒரு குளிர்பெட்டி தாராளமாக நிற்கலாம். அவர் அதைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு நேராக, பக்கவாட்டில் திரும்பாமல், ஏறினார்.

காவலாளிக்குச் சட்டத்தை நீட்ட வேலையே இருக்கவில்லை. நிமிர்ந்தபடியே சக்கரங்களுக்கு அடியில் நடந்து போய்வந்து கொடியைக் காட்டினார். வண்டி இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. பாலத்தின் விளக்குக் கம்பங்களுக்கு இணையாக, வெயிலில், மெதுவாக ஆற்றைக் கடந்தது. அக்காவின் புருஷன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நடுவழியில், "இவ்வளவு நேரமா உன் காலை மிதிச்சுக்கிட்டு இருக்கேனா?" என்று பக்கத்தில் இருந்த நடுவரைக் கேட்டார். "பரவாயில்லைண்ணே, இன்னொரு கால் இருக்கு," என்றார் நடுவர். வண்டி சிரித்தது. இவரும் சிரித்தார். அக்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கண் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் ஆறு சரியாகத் தெரியவில்லை.

அரங்கத்துக்குப் போனபோது ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஒப்பனை அறையில் நாடகக்காரி கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பல்வரிசையைக் கழுவி மாட்டிவிட்டாள். கீழ்வரிசை, மேல்வரிசை. "சொல்லுங்க," என்றாள். நாடகக்காரி தலையசைத்து மறுத்தாள். சொல்லிப் பார்த்து இல்லை என்றாகிவிட்டால் மேடை ஏற முடியாது என்று கையால் காட்டினாள். அப்படியே எழுந்து போய்விட்டாள்.

வண்டியில் வந்தவர்கள் அத்தனை பேரும் அரங்கத்தின் பின்வரிசைகளை நிரப்பி உட்கார்ந்திருந்தார்கள். நுரை காய்ந்த முகத்தோடு ஒருவர், கால்பந்துக் காலணியோடு இருபத்திரண்டு பேர், மடியில் பலகையோடு இரண்டு பேர். திரை விலகியது. மேடையில் ஒரு வீட்டுக் கூடம். மகன் வேடக்காரர் வாசற்கதவைத் தாழிடப் போனார். நாடகக்காரி நாற்காலியை விட்டு எழுந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு மேடையில் வாயைத் திறந்தாள்.

"கதவைச் சாத்தாதே. இன்னும் ஒருத்தர் வர வேண்டியிருக்கு."

'ச' மணிபோல வந்தது. விசில் இல்லை, எலி இல்லை; ஒரு நாயும் வரவில்லை. ஆனால் பின்வரிசைகளில் இருந்தவர்களுக்கு அந்த வசனம் வேறு மாதிரி விழுந்துவிட்டது. இன்னும் ஒருத்தர் என்று காதில் பட்டதும் அத்தனை பேரும், பழகியவரும் பழகாதவருமாக, மூச்சை உள்ளே இழுத்தார்கள். பின்பக்கத்து எட்டு வரிசை நாற்காலிகளும் ஆட்களோடு அரையடி எழும்பின. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறைக்கிறதென்று புகார் சொல்ல வழியில்லாததால், மறுபடி மேடையைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து நாடகக்காரி மட்டும் எல்லாவற்றையும் பார்த்தாள். அடுத்த வசனத்தை மறந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, நிறைய நேரம் சிரித்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் அடங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதில் ஊரில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதன்பிறகு ஒன்பது வருடம் அவள் நடித்தாள். நடிக்காத நாட்களில் கடைக்காரர்களிடம் பேசித் தீர்த்தாள்.

கார் ஐந்து நாள் பாலமுனையிலேயே நின்றது. போய் எடுத்துவந்தவர் அதைக் குளிர்பெட்டிச் சாமான்கள் வைக்கும் அறையாக மாற்றிக்கொண்டார். வண்டியில் அவருக்குக் கடைசி ஆள் என்று பெயர் விழுந்தது. எந்த நாளாவது ஓடி வருகிறவர் கிடைக்காமல் வண்டி தரையில் கிடந்தால், ரெண்டுவாட்டி ஆள் அனுப்புவார். இவர் கையிலிருக்கும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடிப் போவார். நான்கு வருடம் கழித்துப் புதுப் பாலம் கட்டினார்கள். எத்தனை டன்னும் தாங்கும் பாலம் என்று பொறியாளர் சொன்னார். இருபத்து மூன்று அதன்மேல் இரண்டு சாண் உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பாலத்தில் நடக்கிறவர்கள் குடையைக் கொஞ்சம் சாய்த்து வழிவிடுகிறார்கள். கழகம் மரச்சட்டக்காரரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது.

போன மாதம் தபால் அலுவலக நிறுத்தத்தில், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், கையில் முகவரிச் சீட்டோடு, பக்கத்தில் நின்ற பல்செட் அக்காவிடம் கேட்டாள்: "அக்கா, இந்த பஸ் பறக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

"கூட்டமா இருந்து, இன்னும் ஒருத்தர் ஓடி வந்தா பறக்கும்மா," என்றாள் அக்கா, சாலையின் கோடியைப் பார்த்தபடி. "கூட்டம் இல்லன்னா உட்கார இடம் கிடைக்கும். உனக்கு எது வேணுமோ, அதுக்கேத்த நேரத்துக்கு வா."